2 அடித் தொட்டி, போர் தண்ணி, 30 டிகிரி: எந்த மீனோட எந்த மீனை விடலாம்?

முதல்தொட்டி:

வணக்கம். முதல் தடவையா மீன் தொட்டி வைக்கிறேன். நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒண்ணு, ஏர் மோட்டார் ஒண்ணு, மேல லைட்டோட பிளாஸ்டிக் மூடி. கீழ ஆத்துக் கல்லு. வீடு தென்சென்னை, முழுக்க போர் தண்ணி. மீட்டர்ல டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு, தாது மொத்தம்) 1,100 காட்டுது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தா பி.எச். (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 7.8 கிட்ட வருது. மத்தியானம் தொட்டித் தண்ணி 30 டிகிரி. தண்ணி நிரப்பி ரெண்டு நாள் ஆச்சு, மீன் இன்னும் விடல.

ஞாயித்துக்கிழமை கொளத்தூர் மீன் கடைக்குப் போகலாம்னு இருக்கேன். பட்டியல் இது: கோல்ட் ஃபிஷ் 2, ஏஞ்சல் 2, கப்பி 6, டைகர் பார்ப் 4, நியான் டெட்ரா 6, ஃபைட்டர் 1, தொட்டி சுத்தமா இருக்க சக்கர் 1. கடையில கேட்டா எல்லாத்தையும் ஒண்ணா விடலாம்னு தான் சொல்றாங்க, அங்க நிறைய தொட்டியில கலந்து தான் இருக்கு. சரியா வருமா? ஹீட்டர் வேணுமா? குடிக்கிற ஆர்.ஓ. தண்ணியை ஊத்தணுமா? பொண்ணுக்கு கலரா இருக்கணும், அது ஒண்ணு தான் கண்டிஷன்.

அயிரை:

சார், ஞாயித்துக்கிழமை போங்க, பார்த்துட்டு மட்டும் வாங்க. தொட்டி தயாராக இன்னும் ஒரு மாசம் இருக்கு.

முதல்ல இடம் எவ்வளவுன்னு பார்ப்போம். 2க்கு 1க்கு 1 தொட்டி விளிம்பு வரைக்கும் 56 லிட்டர். மேல ரெண்டு அங்குலம் விடுவீங்க, கீழ கல்லு இடம் பிடிக்கும். நிஜமா நிக்கிற தண்ணி 40 லிட்டர் சொச்சம். உங்க பட்டியல்ல 22 மீன் இருக்கு. இன்னிக்கு எல்லாம் ஒரு அங்குலக் குஞ்சு, அதனால கண்ணுக்கு நிறையலன்னு தோணும். வளர்ந்தா எவ்வளவு வரும்னு பார்த்துத் தான் வாங்கணும்.

கோல்ட் ஃபிஷ் குளிர்த் தண்ணி மீன். 18லிருந்து 23 டிகிரி அதுக்கு சொகுசு. சென்னையில உயிரோட இருக்கும், அதை மறுக்கல. ஆனா சாப்பிடறது ஜாஸ்தி, கழிவு அதை விட ஜாஸ்தி. அரை அடி தாண்டி வளரும். ரெண்டு கோல்ட் ஃபிஷ்ஷுக்கே உங்க தொட்டி பத்தாது.

ஏஞ்சலுக்கு நீளத்தை விட உயரம் முக்கியம். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ் துடுப்பு நுனி வரைக்கும் வளர்ந்த ஏஞ்சல் 20 செ.மீ. தாண்டிடும். உங்க தொட்டியில தண்ணி நிக்கிறதே 25 செ.மீ. தான். ஒன்றரை அடி உயரத் தொட்டி இல்லாம ஏஞ்சல் வேண்டாம். பெருசானதும் நியானை ராத்திரியில ஒவ்வொண்ணா முழுங்கும். எண்ணிப் பார்த்தா தான் தெரியும்.

ஏஞ்சலோட டைகர் பார்ப் விட்டா என்ன ஆகும்னு சொல்றேன். ஏஞ்சலோட வயித்துக்குக் கீழ நூல் மாதிரி ரெண்டு துடுப்பு தொங்கும். டைகர் பார்ப் பின்னாலயே வந்து அதைத் தான் கடிக்கும். முதல் நாள் நுனி, மூணாம் நாள் பாதி, ஒரு வாரத்துல அடிக்கட்டை. அந்த இடத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும். கப்பி வாலுக்கும் ஃபைட்டர் துடுப்புக்கும் இதே கதி. எட்டு பத்தா விட்டா டைகர் பார்ப் தங்களுக்குள்ளயே துரத்தி விளையாடும், நாலு விட்டா அடுத்த மீன் மேல பாயும். நீங்க போட்டிருக்கிற நாலு ரொம்பத் தப்பான எண்ணிக்கை.

ஃபைட்டரும் கப்பியும் சேராது. பெரிய வண்ண வாலோட நீந்துற ஆண் கப்பியைப் பார்த்தா இன்னொரு ஃபைட்டர்னு நினைச்சு அடிக்கும். சில ஃபைட்டர் சாதுவா இருக்கும், எது சாதுன்னு வாங்கும்போது தெரியாது. தனியா விடுங்க.

நியான் டெட்ரா மெல்லிசான (தாது உப்பு குறைவான) தண்ணி மீன், 26 டிகிரிக்கு மேல ஓய்ஞ்சு போகும். உங்க தண்ணியும் கனம், சூடும் அதிகம். கலரா இருக்கேன்னு எல்லாரும் முதல்ல வாங்குறதும் அது தான், முதல்ல சாகுறதும் அது தான். சக்கர் பத்தி வேற யாராவது எழுதட்டும், எழுதி எழுதி கை வலிக்குது.

கடைத் தொட்டியை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அங்க இருக்கிறது குஞ்சு மீன். ரெண்டு நாள்ல வித்துடும். கூட்டம் நெருக்கி இருக்கிறதால யாரும் இடம் பிடிச்சு சண்டை போட முடியாது. தண்ணியையும் அடிக்கடி மாத்திடுவாங்க. வீட்டுத் தொட்டியில இது எதுவுமே கிடையாது.

உப்பங்கழி:

அயிரை சொன்னது எல்லாம் சரி. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன்: இந்தத் தண்ணீருக்கு எந்த மீன்?

டி.டி.எஸ். 1,100, பி.எச். 7.8 என்றால் குட்டி போடுகிற மீன்களுக்கு அது விருந்து. கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் கனமான தண்ணீரில் தெளிவாக இருக்கும். மோலியை ஆர்.ஓ. தண்ணீரில் விட்டால்தான் ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும், துடுப்பு மடங்கிவிடும். அது பெரும்பாலும் தாது உப்புக் குறைவால் வருவது. அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்கள் நிறைய.

சூட்டை மோலி நன்றாகத் தாங்கும். கப்பி 28 வரை தாராளம், 30லும் சமாளிக்கும், ஆனால் ஆயுள் குறையும். பிளாட்டி மூன்றிலும் கொஞ்சம் குளிர்ச்சி கேட்கிற மீன். 40 லிட்டரில் மோலி நெரிசல்: சாதா கறுப்பு மோலியே 7-8 செ.மீ. வரும், பாய்மரத் துடுப்பு ரகம் இன்னும் பெரிது.

அதனால் என் யோசனை ஆண் கப்பி மட்டும், 7 அல்லது 8. பெண் வேண்டவே வேண்டாம். கடையில் வாங்குகிற பெண் கப்பி பெரும்பாலும் சினையோடுதான் வரும். ஒரு முறை சேர்ந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை 20, 30 குட்டி. ஆறு மாதத்தில் அது மீன் தொட்டி இல்லை, மீன் குழம்பு. நிறமும் ஆணுக்குத்தான், உங்கள் மகளின் நிபந்தனையும் நிறைவேறும்.

ஆணை எப்படிப் பார்ப்பது? வாலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வயிற்றுக்குப் பின்னால், அடியில் இருக்கிற துடுப்பைப் பாருங்கள். விசிறி போல் விரிந்திருந்தால் பெண். பென்சில் முனை போல ஒல்லியாகப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். பிளாட்டிக்கும் மோலிக்கும் இதே அடையாளம். பெண்ணுக்கு வால் அருகே வயிற்றில் ஒரு கறுப்புத் திட்டும் தெரியும். குஞ்சாக இருந்தால் இரண்டுமே தெளிவாகத் தெரியாது, அதை வாங்காதீர்கள்.

இல்லை, ஆணும் பெண்ணும் கலந்துதான் வேண்டும் என்றால் பிளாட்டி வாங்குங்கள். 2 ஆண், 4 பெண். ஆண் அதிகமானால் பெண்ணை விரட்டி விரட்டியே களைக்க வைத்துவிடும். குட்டிகளைப் பெரியவையே தின்னும். நிறையச் செடி வைத்தால் சில தப்பும்.

பாசி தின்ன ஏதாவது வேண்டும் என்றால் நெரைட் நத்தை இரண்டு. ஓடு கெட்டிப்பட அதற்கும் கனமான தண்ணீர் வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. கண்ணாடியில் எள் போல வெள்ளை முட்டை ஒட்டும், கடல் உப்பு கலக்காத தண்ணீரில் பொரிக்காது. சுரண்டினாலும் லேசில் வராது, அது ஒன்றுதான் தொல்லை.

ஹீட்டர் சென்னைக்குத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு கொசுவலைத் துணி கட்டி, சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் சாய்வாக ஓட விடுங்கள். 2 டிகிரி, காற்று வறண்டிருந்தால் 3 டிகிரி இறங்கும். லைட் 6 மணி நேரம் போதும்.

கெண்டை:

உப்பங்கழி ஐயா, கப்பி மட்டும் தான் வழின்னு முடிச்சிட்டீங்களே. தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்தா வேற கதவும் திறக்கும்.

போர் தண்ணி 1,100, வீட்டு ஆர்.ஓ. தண்ணி சுமார் 50ன்னு வெச்சுக்கங்க. சரிபாதி கலந்தா 575. ஒரு பங்கு போர், ரெண்டு பங்கு ஆர்.ஓ.ன்னா 400. அந்த அளவுல செர்ரி பார்ப் 8, ஹனி கௌராமி 2 தாராளமா விடலாம். செர்ரி பார்ப் பக்கத்து நாட்டுக்காரர், இலங்கையோட தென்மேற்கு ஓடைகள்ல இருக்கிற மீன். ஹனி கௌராமி வடகிழக்கு இந்தியா, வங்காளதேசம் பக்கம். ரெண்டுமே வெயில் மண்ணு மீன், ரெண்டுமே சாது. செர்ரி பார்ப் ஆண் நல்லா செட் ஆனதும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவக்கும். கடைத் தொட்டியில வெளுத்துப் போய் இருக்கிறதால யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கறுப்புக் கல்லு, கொஞ்சம் செடி, ரெண்டு வாரம் குடுத்துப் பாருங்க.

பார்ப்னு பேரு இருக்கிறதால டைகர் பார்ப் மாதிரி கடிக்கும்னு பயப்பட வேண்டாம். குணமே வேற.

ஆனா கலக்கிறதுன்னா வாரா வாரம் கலக்கணும். வாரம் 10 லிட்டர் மாத்துவீங்க, அதுல 5 ஆர்.ஓ. பக்கெட்ல கலந்து, மீட்டர் வெச்சுப் பார்த்து, அப்புறம் ஊத்தணும். ஒரு வாரம் 575, அடுத்த வாரம் சோம்பேறித்தனத்துல 1,100னு ஊத்தினா அது தான் மீனுக்கு அடி. அந்தப் பொறுமை இல்லன்னா ஐயா சொன்ன கப்பியே நல்லது.

சுத்த ஆர்.ஓ. மட்டும் ஊத்தாதீங்க. அதுல பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க ஒண்ணுமே இருக்காது, ஃபில்டர் வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்ந்து ஒரு நாள் திடீர்னு பி.எச். சரியும். ஆர்.ஓ. மிஷின் வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியும் கூடாது, உப்பு முழுக்க அதுல தான் இருக்கு.

உப்பங்கழி:

ஒப்புக்கொள்கிறேன், பொறுமை இருந்தால் செர்ரி பார்ப் அழகு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இது எந்த மீன் விட்டாலும் பொருந்தும். ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஃபேன் ஓட விட்டால் வாரம் 3, 4 லிட்டர் குறையும். அந்தக் குறைவைப் போர் தண்ணீரால் நிரப்பினால் 1,100 மெல்ல மெல்ல 1,500, 1,800 என்று ஏறும். குறைந்ததை ஆர்.ஓ.வால் நிரப்புங்கள். மாற்றுகிறதை உங்கள் வழக்கமான தண்ணீரால் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

மீட்டர் காட்டுகிற 1,100 என்பது மொத்தக் கரைசல். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டினால் சுண்ணாம்பு அதிகம். வாயில் கரித்தால் உப்பு அதிகம். கப்பிக்கும் மோலிக்கும் இரண்டுமே சம்மதம், மற்றவற்றுக்கு இல்லை.

பாசிக்கல்:

எல்லாரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். இரண்டு நாள் தொட்டியில் எந்த மீனை விட்டாலும் சாக வாய்ப்பு அதிகம், பொருத்தமான மீனாக இருந்தாலும்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். ஸ்பான்ஜில் குடியேறுகிற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், கடைசி ஓரளவு சேர்ந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தக் குடியேற்றம் முடிய 4லிருந்து 6 வாரம் ஆகும்.

உங்கள் தண்ணீருக்கு இது கூடுதல் முக்கியம். அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்றுதான் கடும் விஷம். 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கு கூட அந்த விஷ வடிவில் இருக்காது. 7.8 ஆனதும் அது 5 சதவீதம் ஆகிவிடும். பக்கத்து வீட்டில் ஒன்றும் ஆகாத அளவு உங்கள் தொட்டியில் மீனைக் கொல்வது இதனால்தான்.

செய்முறை: ஸ்பான்ஜ் ஃபில்டரை இரவு பகல் ஓட விடுங்கள். உரித்த இறால் ஒன்றை வலைத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள், மூன்று நான்கு நாளில் நாற்றம் வந்ததும் எடுத்துவிட்டு அதன் பின் தினம் ஒரு சிட்டிகைத் தீனி. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வாங்குங்கள், காகிதப் பட்டி நம்பகம் குறைவு. முதலில் அம்மோனியா ஏறும், ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்கி நைட்ரைட் ஏறும். சிட்டிகைத் தீனியைத் தொடர்ந்து போட்டும் நாலைந்து நாள் இரண்டுமே பூஜ்யத்திலேயே நின்றால் தொட்டி தயார். ஓடிக்கொண்டிருக்கிற, நோய் இல்லாத தொட்டி ஒன்றிலிருந்து பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் பாதிக் காலத்தில் முடியும். அதன் ஈரம் காயாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவர வேண்டும்.

இடையில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தண்ணீர் அரிசி கழுவின மாதிரி வெளுக்கும். அது பாக்டீரியாப் பெருக்கம், தானே தெளியும். பயந்து முழுத் தண்ணீரையும் கொட்டினால் தெளிவதும் தள்ளிப்போகும், அடுத்த வாரம் மறுபடி வெளுக்கும்.

கல்லைப் பற்றி: ஒரு கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரை இன்னும் கனமாக்கும். கப்பிக்குக் கவலையில்லை, செர்ரி பார்ப்புக்கு எடுத்துவிடுங்கள்.

ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து மோட்டாருக்குள் இறங்கும்.

முதல்தொட்டி:

எல்லாருக்கும் நன்றி. ஆண் கப்பி தான்னு முடிவு பண்ணி ஒரு மாசம் காத்திருக்கலாம்னு உக்காந்தா, நேத்து சாயங்காலம் மச்சான் பொண்ணுக்கு சர்ப்ரைஸ்னு கவர்ல 4 கப்பியும் 1 சக்கரும் வாங்கிட்டு வந்துட்டான். எல்லாம் தொட்டிக்குள்ள போயாச்சு. கூடவே நீல மருந்து ஒண்ணு குடுத்திருக்காங்க, தினம் 5 சொட்டு விடணுமாம். இப்ப என்ன பண்றது? தீனி எவ்வளவு போடணும்?

பாசிக்கல்:

நீல மருந்தை ஓரமாக வையுங்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் புளூ. முட்டைக்கும் பூஞ்சைக்கும் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்துவது. தொட்டியில் விட்டால் வளர வேண்டிய பாக்டீரியாவையே கொல்லும், செடியும் கருகும், சிலிக்கான் ஒட்டு நீலமாகிவிடும்.

4 கப்பி 40 லிட்டருக்குத் தாங்கும் எண்ணிக்கை. அடுத்த மீன் ஒரு மாதத்துக்கு வேண்டாம். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு: 4 கப்பிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டு எடுக்கிற ஒரு சின்னச் சிட்டிகை. தரையில் விழுந்தால் அதிகம் போட்டீர்கள் என்று அர்த்தம். மகள் கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள், முதல் மாதத்தில் பெரும்பாலான தொட்டிகள் தீனியால்தான் கெடுகின்றன.

தினம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். எது 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். மாற்றுகிற தண்ணீரை முதல் நாள் இரவே பக்கெட்டில் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நினைப்போம், அபார்ட்மென்ட் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளும், லாரித் தண்ணீர் இறக்கிய நாளும் இருக்கும். வாட்ச்மேனிடம் கேட்டு வையுங்கள், ஆன்டி குளோரின் பாட்டிலும் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஸ்பான்ஜை இந்த ஒரு மாதம் தொடாதீர்கள். அதன் பிறகு அலசினாலும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான், குழாயடியில் கூடாது.

அயிரை:

சக்கர் பத்தி எழுத ஆள் வரல போல, நானே எழுதறேன்.

தொட்டி சுத்தம் பண்ணும்னு சொல்லி விக்கிற மீன் அது. குஞ்சுல கொஞ்சம் பாசி மேயும். அப்புறம் நீங்க போடுற தீனியைத் தான் தின்னும். தின்னு, நாள் பூரா கறுப்பு நூல் மாதிரி கழிவு விடும். தொட்டியிலேயே அதிக அழுக்கு போடுறது அது தான். இப்ப ரெண்டு அங்குலம் இருக்கும், நல்லா வளர்ந்தா ஒரு அடி தாண்டும். உங்க தொட்டி அகலமே ஒரு அடி, அதால திரும்பக் கூட முடியாது. ராத்திரியில மத்த மீன் உடம்பு வழவழப்பைச் சப்புற பழக்கமும் சிலதுக்கு வரும்.

வாங்கின கடையிலயே திருப்பிக் குடுங்க. காசு தர மாட்டாங்க, மீனை வாங்கிப்பாங்க. பாவம்னு பக்கத்து ஏரியில கொண்டு போய் விடாதீங்க. அது தென் அமெரிக்க மீன், இங்க ஏரி குளத்துல ஏற்கெனவே பெருகிக் கிடக்கு. கரையில வளை தோண்டும், முள்ளு வலையைக் கிழிக்கும். மீன்பிடிக்கிறவங்களுக்கு விலை போகாத மீன்.

சக்கர் போனதும் கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், மொத்தம் 40 கிராம், மூணு நாளாப் பிரிச்சு ஒரு டம்ளர்ல கரைச்சு ஊத்துங்க. நைட்ரைட் செவுள் வழியா ரத்தத்துல ஏறுறதை உப்புல இருக்கிற குளோரைடு தடுக்கும். தண்ணி மாத்தும்போது மாத்தின அளவுக்கு மட்டும் உப்பு சேருங்க, ஆவியானதுக்குச் சேர்க்க வேண்டாம். ஹைட்ரில்லா ஒரு கட்டு தண்ணிக்குள்ள விடுங்க. மணி பிளான்ட் கொடி ரெண்டு வாங்கி வேர் மட்டும் தண்ணியில இருக்கிற மாதிரி மூலையில தொங்க விடுங்க. மணி பிளான்ட் இலை தண்ணிக்குள்ள போனா அழுகும்.

ரெண்டாவது, மூணாவது வாரத்துல கப்பி மேல வந்து ஃபில்டர் குமிழ் பக்கத்துலயே வாயைப் பிளந்து நின்னா, மூச்சு வேகமா இருந்தா, தீனி கேக்குதுன்னு நினைச்சுப் போடாதீங்க. முதல்ல நைட்ரைட் பாருங்க, ரீடிங்கை இங்க போடுங்க. அந்த நாலுலயும் அடித் துடுப்பைப் பார்த்து ஆணா பெண்ணான்னும் சொல்லுங்க.

முதல்தொட்டி:

பார்த்துட்டேன். மூணு ஆண், ஒண்ணுக்கு விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு, வயித்துல கறுப்புத் திட்டும் இருக்கு.

உப்பங்கழி:

அந்தப் பெண்ணையும் சக்கரோடு அதே கவரில் அனுப்பிவிடுங்கள். மூன்று ஆண் ஒரு பெண்ணை விரட்டினால் அது களைத்துப் போய்விடும்.